யோகாவுக்கு 5000 வயசா? வெள்ளவத்தையிலயிருந்து ஒரு கேள்வி

ஜூன் 12, காலை 7.15 (கேள்வி)

வெள்ளவத்தையில யோகா வகுப்புக்குப் போறன். ரீச்சர் ஒவ்வொரு நாளும் "இது 5000 வருசக் கலை, பதஞ்சலி முனிவர் தந்தது" எண்டுதான் தொடங்குவா. போன கிழமை கனடாவில இருக்கிற தம்பி ஒரு கட்டுரை அனுப்பினான். சூரிய நமஸ்காரம் வந்து 100 வருசம்தானாம், மிச்சமெல்லாம் வெள்ளைக்காரன்ர உடற்பயிற்சியாம். மகளின்ர சைவசமயப் புத்தகத்திலயோ திருமூலர் அட்டாங்க யோகம் சொன்னார் எண்டு கிடக்கு. மூண்டும் ஒண்டோடொண்டு முட்டுது. எது சரி?

ஜூன் 12, இரவு 10.05 (பதில்)

மூண்டு பேரும் மூண்டு வேற விசயத்தைப் பற்றிக் கதைக்கினம். அதுதான் முட்டுது.

முதல் அந்த 5000. அது மொகஞ்சதாரோவில 1928-29 அகழ்வில கிடைச்ச ஒரு சின்ன முத்திரையில தொங்குது. கொம்பு வைச்ச தலை, குதிக்கால் ரெண்டையும் சேர்த்து மடிச்ச கால், சுத்திவர யானை, புலி, காண்டாமிருகம், எருமை. தொல்லியலாளர் ஜான் மார்ஷல் 1931-ல இது சிவனின்ர ஆதி வடிவம், யோகி மாதிரி இருக்கிறார் எண்டு எழுதினார். அண்டைக்குப் பிடிச்ச பேச்சு இன்னும் விடேல்லை. முத்திரையில உள்ள எழுத்தை எல்லாரும் ஒப்புக்கொள்ளுற மாதிரி இதுவரை ஒருத்தரும் வாசிக்கேல்லை. அது அரசனா, எருமைத் தெய்வமா, பூசாரியா எண்டு ஆளுக்கொரு கருத்து. கால் மடிச்சு இருக்கிற எல்லாரும் யோகியெண்டால், கோயில் மண்டபத்தில அன்னதானத்துக்குப் பந்தியில இருக்கிற சனம் முழுக்க யோகியள்தான்.

இன்னொண்டு, அந்தச் சிந்துவெளி நாகரிகத்தின்ர உச்சக் காலமே கி.மு. 2600-ல தொடங்குது எண்டுதான் கணக்கு. முத்திரையை ஒத்துக்கொண்டாலும் 5000 வராது. ஆரோ வட்டமாய்ச் சொல்லிப்போட்டினம்.

ஜூன் 13, காலை 6.50

ரயிலுக்கு முந்தி ரெண்டு வரி. எழுத்தில இருக்கிற சான்றைப் பாருங்கோ, அது முத்திரையை விட உறுதி. இருக்கு வேதம் பத்தாம் மண்டலம் 136-ஆம் பாட்டில நீளத் தலைமயிர் முனி ஒருத்தர் வாறார், காற்றை உடுத்தித் திரியிறார். யோகி எண்டு அவருக்குப் பெயர் இல்லை. கட உபநிடதத்தில வரேக்க விசயம் துலங்குது. உடம்பு தேர், புலன்கள் குதிரை, புலன்களை அசையாமல் பிடிக்கிறதுதான் யோகம் எண்டு நேரடியாச் சொல்லுது. சுவேதாசுவதரத்தில எங்க இருக்கிறது எண்டு கூட இருக்கு: சமதரை, துப்புரவு, பரல்கல்லும் நெருப்பும் இல்லாத இடம், காற்று அடிக்காத மறைவு. வெள்ளவத்தையில இதெல்லாம் கிடைக்கிற ஃபிளாட்டுக்கு என்ன வாடகை வருமெண்டு நீங்களே பாருங்கோ.

ஜூன் 13, இரவு 9.30

புத்தரை விட்டுப்போட்டு இந்தக் கதையைச் சொல்லேலாது. பாளிச் சூத்திரங்களின்படி அவர் வீட்டை விட்டு வெளிக்கிட்டதும் போனது ரெண்டு ஆசிரியர்மாரிட்டை: ஆளார காலாமர், உத்தக ராமபுத்தர். ரெண்டு பேரும் தியானம்தான் படிப்பிச்சவை. பிறகு தனியாய் மூச்சை அடக்கிப் பார்க்கிறார். வாயாலயும் மூக்காலயும் போக விடாமல் அடைச்சால் காதுக்குள்ள இரைச்சல், தாங்கேலாத தலையிடி. அதை விட்டுப்போட்டு மூச்சை அதன்பாட்டில விட்டுக் கவனிக்கிற வழிக்கு வாறார்.

எனக்கு இதில பிடிச்சது என்னெண்டால், மூச்சை அடக்கிறதா கவனிக்கிறதா எண்ட சண்டை அப்பவே இருந்திருக்கு. இண்டைக்கும் எங்கட வகுப்புகளில அது முடியேல்லை.

ஜூன் 15, பின்னேரம் 5.20

"பதஞ்சலியைத் தொடாமல் சுத்திச் சுத்திப் போறீர்" எண்டு ஒரு அண்ணை திட்டியிருக்கிறார். சரி, தொடுவம்.

பதஞ்சலியின்ர யோக சூத்திரம் நாலு பாதம் (அத்தியாயம்), 195 சூத்திரம் (சில பதிப்பில 196). ஆசனத்துக்கு அதில ஒதுக்கினது ரெண்டாம் பாதத்தில 46 தொடக்கம் 48 வரை, வெறும் 3. முதலாவது, ஆசனம் அசையாமலும் சுகமாயும் இருக்கவேணும் எண்டுது. அடுத்தது, முயற்சியைத் தளர்த்தச் சொல்லுது. மூண்டாவது, அப்ப குளிர் வெக்கை மாதிரிச் சோடியள் தாக்காது எண்டுது. அவ்வளவுதான். பழைய உரையில ஒரு பன்னிரண்டு அளவில இருக்கைகளின்ர பெயர் வருது, பெரும்பாலும் நிலத்தில இருந்து செய்யிறவை. தலைகீழாய் நிக்கிறது இல்லை, நாய் மாதிரிக் குனியிறது இல்லை, வீரபத்திராசனமும் இல்லை. ஆக, உங்கட ரீச்சர் செய்விக்கிறதில பதஞ்சலி தந்தது எண்டு சொல்லக்கூடியது கடைசியில கண்ணை மூடிக்கொண்டு இருக்கிற அந்தக் கொஞ்ச நேரம்தான்.

காலம்? இப்ப கன ஆராய்ச்சியாளர் சூத்திரமும் உரையும் சேர்ந்த நூலை கி.பி. 400 அளவில வைக்கினம். இலக்கணம் எழுதின பதஞ்சலி கி.மு. இரண்டாம் நூற்றாண்டு ஆள். ரெண்டையும் ஒருவர் எண்டு பிற்கால மரபு சேர்த்துக் கட்டிச்சுது.

ஜூன் 15, இரவு 11.40

நித்திரை வரேல்லை, தத்துவப் பக்கத்தையும் எழுதிப்போட்டுப் படுக்கிறன்.

பதஞ்சலியின்ர அடி சாங்கியம் எண்ட பழைய தத்துவப் பிரிவு. ஒரு பக்கம் பிரகிருதி: உடம்பு, புலன், மனம், புத்தி எல்லாம் அதுக்குள்ள. மற்றப் பக்கம் புருடன், பார்த்துக்கொண்டு மட்டும் இருக்கிற அறிவு. துன்பம் ஏன் வருதெண்டால் பார்க்கிறவர் தன்னைப் பார்க்கப்படுற பொருள் எண்டு நினைக்கிறார். சித்தத்தின்ர அலையள் அடங்கினால் அந்தக் குழப்பம் தெளியும், புருடன் தனியாய் நிப்பார். அதுக்குப் பெயர் கைவல்யம். கடவுள் இருக்கிறார், ஆனால் அவரும் ஒரு விசேட புருடன், வினையும் மலமும் ஒருநாளும் தீண்டாதவர். அவரை வழிபட்டால் உதவி உண்டு. அவரோட கலக்கிறது எண்ட பேச்சு இல்லை.

சைவ வீட்டில வளர்ந்தவைக்கு இது கொஞ்சம் வறட்சியாத்தான் படும். எங்கட சைவ சித்தாந்தத்தில தத்துவம், அதாவது எல்லாத்தையும் பிரிச்சுக் காட்டுற கூறுகள், 36. ஆன்ம தத்துவம் 24, வித்தியா தத்துவம் 7, சிவ தத்துவம் 5. சாங்கியத்தில உச்சியில இருக்கிற புருடன் இங்க அந்த நடு ஏழுக்குள்ள ஒருவராய் நிக்கிறார். பதஞ்சலி முடிக்கிற இடத்தில "இன்னும் கிடக்கு தம்பி" எண்டு சித்தாந்தி தொடங்குவார். தனிச்சு நிக்கிறது அவருக்கு வீடுபேறு ஆகாது, சிவத்தோட இரண்டறக் கலக்கவேணும், ஆனால் உயிர் உயிராயும் இருக்கவேணும். இந்த "இரண்டற"வை விளங்கப்படுத்தச் சொல்லி என்னைக் கேட்காதேங்கோ, சிவஞானபோதம் எழுதின மெய்கண்டாருக்கே 12 சூத்திரம் வேண்டியிருந்தது.

ஜூன் 16, காலை 7.05

மேல வறட்சி எண்டதோட இதையும் சேர்த்து வாசியுங்கோ. முதற் பாதம் 33-ஆம் சூத்திரம்: சுகமாய் இருக்கிறவையோட நட்பு, துன்பப்படுறவையில கருணை, நல்லது செய்யிறவையைப் பார்த்து மகிழ்ச்சி, கெட்டது செய்யிறவையைக் கண்டால் விலகி நிக்கிறது, இப்படிப் பழகினால் சித்தம் தெளியும். மைத்ரி, கருணா, முதிதா, உபேக்ஷா. இதே நாலும் பௌத்தத்தில பிரம விகாரங்கள் எண்டு சொல்லுற நாலு மனநிலையள். எங்கட கந்தோரிலயே முதிதா எண்டு சிங்களப் பிள்ளை ஒண்டு இருக்கு. பதஞ்சலி எந்தக் கிணத்தில தண்ணி அள்ளினார் எண்டு இதிலயே பாதி தெரியும். ஆராய்ச்சியாளரும் யோக சூத்திரத்தில பௌத்தச் சாயல் கன இடத்தில இருக்கெண்டுதான் சொல்லுகினம்.

ஜூன் 16, மதியம் 1.10

ஓம், சிதம்பரத்தில நடனம் கண்ட பதஞ்சலியைப் பற்றி எனக்கும் தெரியும். திருமூலரே "மன்று தொழுத பதஞ்சலி வியாக்கிரமர்" எண்டு தன்ர கூட்டத்துக்குள்ள சேர்த்துப் பாடுறார். பாம்பு உடம்போட தில்லைக்கு வந்தவரும் சூத்திரம் எழுதினவரும் ஒரே ஆள் எண்டதுக்கு வரலாற்றுச் சான்று இல்லை. பக்திக்குச் சான்று தேவையுமில்லை. ரெண்டையும் ஒரே கோப்பையில ஊத்த வேண்டாம், அவ்வளவுதான்.

ஜூன் 18, இரவு 9.15

திருமூலருக்கு வாறன். இதுக்காகத்தான் இந்த இழையில இவ்வளவு நேரம் மினைக்கெடுறன்.

திருமந்திரம் மூண்டாம் தந்திரம் (பகுதி) முழுக்க யோகம். தொடக்கத்திலயே எட்டு உறுப்பையும் ஒரு பாட்டில அடுக்குறார்:

இயம நியமமே எண்ணிலா ஆதனம்
நயமுறு பிராணாயாமம் பிரத்தியா காரம்
சயமிகு தாரணை தியானம் சமாதி
அயமுறும் அட்டாங்க மாவது மாமே

வரிசை பதஞ்சலியின்ர வரிசைதான். ஆனால் உள்ளுக்குப் போனால் ஊர் வேற. நாடி, ஆதாரம், குண்டலி, அமுதம், சந்திரன் சூரியன் எண்டு தாந்திரிக யோகத்துக்குள்ள இறங்கிறார். ஆசனம் எண்டு பங்கயம், வீரம், சுகாதனம் மாதிரிச் சிலதைச் சொல்லிப்போட்டு, இன்னும் கனக்க இருக்கு எண்டு கடந்து போறார். அவர்ட கவனம் முழுக்கக் காற்றில.

ஏற்றி இறக்கி இருகாலும் பூரிக்கும்
காற்றைப் பிடிக்கும் கணக்கறி வாரில்லை
காற்றைப் பிடிக்கும் கணக்கறி வாளர்க்குக்
கூற்றை உதைக்கும் குறியது வாமே

கணக்கையும் தாறார்: உள்ளுக்கு இழுக்கிறது 16 மாத்திரை (கண் இமைக்கிற நேர அளவு), நிறுத்திறது 64, வெளிய விடுறது 32. ஒண்டுக்கு நாலுக்கு ரெண்டு.

என்ர அப்பப்பா கோண்டாவில். விடிய எழும்பி முகம் கழுவி, விபூதி பூசி, வடக்குத் திண்ணையில போய் இருப்பார். பெருவிரலால மூக்கின்ர ஒரு பக்கத்தை அடைச்சபடி. நாங்கள் பெடியள் அந்த நேரம் கிணத்தடிப் பக்கம் போய்ச் சத்தம் போடக்கூடாது, வாளிக் கயிறு கிரீச்சிட்டாலே அப்பம்மா கையைக் காட்டுவா. யோகம் எண்டோ தியானம் எண்டோ அவர் வாயால நான் கேட்டதில்லை. "இருந்துபோட்டு வாறன்" எண்டுதான் சொல்லுவார். எழும்பினவுடன தேத்தண்ணி, பேப்பர், பிறகு வாழைக்குத் தண்ணி. உடம்பை வளைச்சதை ஒருநாளும் காணேல்லை. தோட்டத்தில குனிஞ்சு நிமிர்ந்தது காணும் எண்டு நினைச்சாரோ என்னவோ.

நான் கொழும்பு வந்து முதுகு பிடிச்சு, பிசியோதெரபி முடிஞ்சு, மொட்டை மாடி வகுப்புக்குப் போன பிறகுதான் அவர் செய்ததுக்கும் நான் செய்யிறதுக்கும் ஒரே பெயர் எண்டது உறைச்சுது. அந்த 64-ஐயும் ஒருக்கால் பிடிச்சுப் பார்த்தனான். தலை சுத்திச் சுவரைப் பிடிச்சுக்கொண்டு நிண்டதுதான் மிச்சம். பிறசர், இருதய வருத்தம் இருக்கிறவை இதை நூலைப் பார்த்துச் செய்யவே வேண்டாம்.

ஜூன் 18, இரவு 11.55

"உடம்பை வளர்த்தேன் உயிர்வளர்த் தேனே" எண்ட வரியை ஜிம் விளம்பரத்தில போடுறவைக்கு: அதே பாட்டின்ர ரெண்டாம் அடியையும் போடுங்கோவன். உடம்பு அழிஞ்சால் திடம்பட மெய்ஞ்ஞானம் சேர மாட்டார் எண்டுதான் அங்க கிடக்கு. உடம்பைக் காப்பாத்தச் சொன்னதுக்குக் காரணம் ஞானம். சிக்ஸ் பேக் அவர்ட நிகழ்ச்சி நிரலில இல்லை.

ஜூன் 19, காலை 8.30

"திருமூலர் இலங்கையைச் சிவபூமி எண்டார், அப்ப யோகம் இங்கயும் ஆதியில இருந்தே இருக்கு" எண்டு ஒருவர் பெரிய எழுத்தில போட்டிருக்கிறார். கோயில் திருவிழாச் சொற்பொழிவு எல்லாத்திலயும் வாற வரிதான். பாட்டை முழுசா எடுத்துப் பாருங்கோ. மேரு, இலங்கை, தில்லைவனம் எண்டு இடங்கள் வருது. கூடவே இடை, பிங்கலை, சுழுமுனை எண்டு முதுகுத்தண்டை ஒட்டி மூச்சு ஓடுற நாடியள் வருது. முதுகுத்தண்டை நிலத்தில விரிச்சு வரைஞ்ச படம் அது. உடம்புக்குள்ள எது ஓடுதோ அது நாட்டிலயும் ஓடுது எண்ட யோகக் கணக்கு. அதில எங்கட தீவுக்கு ஒரு இடம் கிடைச்சது பெருமைதான், எனக்கும் சந்தோசம். ஆனால் அது இலங்கையில ஆர் எப்ப என்ன பயிற்சி செய்தினம் எண்டு சொல்லுற பாட்டில்லை. திருமூலரின்ர காலமே ஆளுக்கொரு நூற்றாண்டு. சுந்தரர் "நம்பிரான் திருமூலன் அடியார்க்கும் அடியேன்" எண்டு பாடினபடியால் அவருக்கு முந்தினவர் எண்டது நிச்சயம். இப்ப கையில இருக்கிற 3000 சொச்சப் பாட்டும் அவர் காலத்துதானா எண்டதில சண்டை இருக்கு.

ஜூன் 19, பின்னேரம் 6.40

சுந்தரர் எண்டவுடன ஞாபகம் வந்தது. மகளின்ர புத்தகத்தில சைவத்தின்ர நாலு நெறியும் இருக்கும், பாருங்கோ: சரியைக்கு அப்பர், கிரியைக்குச் சம்பந்தர், யோகத்துக்குச் சுந்தரர், ஞானத்துக்கு மாணிக்கவாசகர். தாச மார்க்கம், சற்புத்திர மார்க்கம், சக (தோழமை) மார்க்கம், சன்மார்க்கம். யோகத்தின்ர பலன் சாரூபம், அதாவது இறைவனின்ர உருவத்தைப் பெறுறது. பரீட்சைக்கு எல்லாரும் பாடமாக்கினது. நானும் பாடமாக்கி எழுதிப் புள்ளி எடுத்தனான், ஒருநாளும் யோசிக்கேல்லை.

யோசிச்சுப் பாருங்கோ. சுந்தரர் ரெண்டு கலியாணம் செய்தவர். பொன் கேட்டார், நெல்லுக்கு ஆள் கேட்டார், கண் போனபோது சண்டை பிடிச்சார். பரவையாரின்ர கோபத்தைத் தீர்க்கச் சிவனையே நடுச்சாமத்தில தூது அனுப்பினார். மூக்கைப் பிடிச்சுக்கொண்டு இருந்ததாய்ப் பெரியபுராணத்தில ஒரு இடமும் இல்லை. அவர்தான் யோக மார்க்கத்துக்கு உதாரணம்! தோழனாய்ப் பழகிறது யோகம் எண்டு எங்கட ஆக்கள் முடிவெடுத்திருக்கினம். தம்பியின்ர கட்டுரையும் ரீச்சரின்ர 5000-உம் இந்தப் பக்கமே எட்டிப் பார்க்கேல்லை.

ஜூன் 20, காலை 7.45

கொம்பனித்தெருவிலயிருந்து ஒரு சகோதரர், முஸ்லிம்கள் இதைத் தொடலாமா எண்டு கேட்டிருக்கிறார். மார்க்கத் தீர்ப்பு சொல்ல நான் ஆளில்லை. வரலாறு சொல்லுறன். 11-ஆம் நூற்றாண்டில அல்பிரூனி பதஞ்சலியை அரபியில ஆக்கிப்போட்டார். அமிர்தகுண்டம் எண்ட ஹட யோக (உடம்பையும் மூச்சையும் பழக்கிற யோகம்) நூல் அரபிக்குப் போய், 16-ஆம் நூற்றாண்டில குவாலியரின்ர சூபி பெரியவர் முகம்மது கௌஸ் அதைப் பாரசீகத்தில பஹ்ருல் ஹயாத் எண்டு விரிச்சார். 1600 அளவில இளவரசர் சலீமுக்காக அதுக்குப் படம் கீறினவை. அவர்தான் பிறகு ஜஹாங்கீர். ஆசனங்களை வரிசையாய்ப் படமாய் வரைஞ்ச மிகப் பழைய ஏடுகளில அது ஒண்டு. அரசவைச் சித்திரகாரர் வரைஞ்ச யோகியள், அவ்வளவு வடிவு.

ஜூன் 22, இரவு 8.20

நேற்று யோகா தினம். ஐ.நா. 2014-ல தீர்மானம் எடுத்து 2015-ல தொடங்கின விழா, இவ்வளவு கெதியாய் ஒரு விழாவுக்கு மரபு முளைச்சதை நான் வேற எங்கயும் காணேல்லை. மேடையில ஒருத்தர் ஒலிவாங்கியைப் பிடிச்சு 10000 வருசம் எண்டார். போன வருசம் 5000 தானே எண்டு பக்கத்தில நிண்ட அன்ரி என்னைக் கேட்டா.

சரி, தம்பியின்ர கட்டுரைக்கு வருவம். அதில கன உண்மை இருக்கு. 15-ஆம் நூற்றாண்டு ஹட யோகப் பிரதீபிகையில ஆசனம் 15. 1700 அளவில கேரண்ட சங்கிதையில 32. பி.கே.எஸ். ஐயங்கார் 1966-ல வெளியிட்ட புத்தகத்தில 200. இடையில என்ன நடந்தது? மைசூர் அரண்மனை. 1930-களில கிருஷ்ணமாச்சாரியார் அங்க யோகசாலை நடத்தினார். ஐயங்கார், பட்டாபி ஜோயிஸ், இந்திரா தேவி எல்லாரும் அவரிட்டைப் படிச்சவை. உலகம் முழுக்க இண்டைக்கு வகுப்பில நடக்கிறதில பெரும் பங்கு அந்த ஒரு மனிசனிலயிருந்து வந்தது. சூரிய நமஸ்காரத்தை 1920-களில உடற்பயிற்சியாய்ப் பரப்பினது ஔந்த் சமஸ்தான ராஜா. 2010-ல மார்க் சிங்கிள்டன் எண்ட ஆராய்ச்சியாளர், அந்தக் காலத்து ஐரோப்பிய உடற்பயிற்சி, வை.எம்.சி.ஏ., மல்யுத்தக் களரி எல்லாம் இதில கலந்தது எண்டு எழுதினார். தம்பி அனுப்பினது அநேகமாய் அதிலயிருந்துதான்.

ஜோயிஸ் பரம்பரையில ஒரு கதை உண்டு. தங்கட முறை முழுக்க யோக குரந்தம் எண்ட பழைய ஓலையில இருந்ததாம், அதை எறும்பு தின்றுபோட்டுதாம். எங்கட பக்கத்திலயும் காணி உறுதிக்கு இதே கதைதான் சொல்லுவினம்.

ஜூன் 23, காலை 9.10

ராத்திரி எழுதினதை வாசிச்சுப் பார்க்க "எல்லாம் வெள்ளைக்காரன்ர" எண்டதுக்கு நான் ஒத்து ஊதின மாதிரித் தெரியுது. இல்லை. ஹம்பித் தூண்களில உடம்பை முறுக்கின யோகியள் 15, 16-ஆம் நூற்றாண்டுச் சிற்பமாய் நிக்கினம். மைசூர் அரண்மனையின்ர ஸ்ரீதத்துவநிதி எண்ட நூலில 19-ஆம் நூற்றாண்டிலயே 122 ஆசனப் படம். அதுக்கு மூலம் 18-ஆம் நூற்றாண்டு ஹடாப்பியாச பத்ததி எண்ட கையெழுத்துப் பிரதி. அதில கயிறு பிடிச்சுத் தொங்கிச் செய்யிறது, திரும்பத் திரும்ப எழும்பிக் குந்துறது எல்லாம் இருக்கு. ஆக வளையிறதும் அசையிறதும் இங்கயே வளர்ந்துகொண்டுதான் வந்தது. 20-ஆம் நூற்றாண்டில வெளிநாட்டுக் காற்றும் சேர்ந்தது. ஒருத்தரும் வெறுங்கையோட கண்டுபிடிக்கேல்லை, ஒருத்தரும் அப்படியே பொத்திப் பாதுகாக்கவுமில்லை.

எனக்கு எரிச்சல் வாறது வயசைக் கடன் வாங்கிறதில. மொட்டை மாடியில நாங்கள் செய்யிறது 100 வருசத்துச் சாமான், நல்ல சாமான், என்ர முதுகு சாட்சி. அது நல்லதாய் இருக்கிறதுக்குப் பதஞ்சலியின்ர பெயரோ மொகஞ்சதாரோவோ தேவையில்லை. பரதநாட்டியம் இண்டைய மேடை வடிவத்துக்கு வந்ததும் அதே 1930-களில்தான், அதுக்காக ஆரும் சலங்கையைக் கழட்டேல்லை. ஆனால் இந்தக் கடன் வாங்கலால அப்பப்பா செய்தது மறைஞ்சு போகுது. அது வேற, அதுக்கு அதின்ர வயசு இருக்கு.

ஜூன் 27, இரவு 10.30

கொழும்புக்கும் இந்தக் கதைக்கும் என்ன சம்பந்தம் எண்டு கேட்டவருக்கு. மேற்கில பெயரெடுத்துப்போட்டு விவேகானந்தர் திரும்பி வரேக்க முதல் கால் வைச்சது கொழும்பில, 1897 ஜனவரி 15. இறங்கினவுடன பொன்னம்பலம் குமாரசுவாமி முன்னுக்கு நிண்டு வரவேற்றார், கறுவாத்தோட்டத்தில தங்க வைச்சினம். அடுத்த நாள் ஃபுளோரல் ஹோலில பேச்சு. பிறகு கண்டி, அனுராதபுரம், யாழ்ப்பாணம், அங்கயிருந்து பாம்பன். அவர் 1896-ல வெளியிட்ட இராஜ யோகம்தான் பதஞ்சலியை உலகத்துக்குத் திரும்ப எடுத்துக் குடுத்த புத்தகம். பதஞ்சலியின்ர பெயர் உங்கட ரீச்சரின்ர வாயில வாறதுக்கு மூலம் அங்க இருக்கு. அதே புத்தகத்தில ஹட யோகத்தை ஓரமாய்த் தள்ளிவிடுறார்: கஷ்டம் கூட, ஆன்ம வளர்ச்சி குறைவு எண்டு. ஆலமரம் 5000 வருசம் இருந்தாலும் அது ஆலமரம்தான், கன காலம் வாழுற மனிசனும் ஆரோக்கியமான விலங்குதான் எண்ட கருத்தில ஒரு வரி எழுதியிருக்கிறார். அந்த 5000 அங்கயும் நிக்குது பாருங்கோ!

அவருக்கும் முந்தி ஒரு கதை. குமாரசுவாமியின்ர தம்பி பொன்னம்பலம் அருணாசலம், கேம்பிரிட்ஜில பழக்கமான ஆங்கில எழுத்தாளர் எட்வர்ட் கார்ப்பெண்டரை இலங்கைக்குக் கூப்பிட்டு, 1890-ல ஒரு தமிழ் ஞானியிட்டைக் கூட்டிக்கொண்டு போனார். கார்ப்பெண்டர் நாள்தோறும் போய் இருந்து கேட்டு, 1892-ல வந்த தன்ர பயணப் புத்தகத்தில அதை எழுதினார். படிச்சது எண்ணத்தை நிப்பாட்டிறதைப் பற்றி. கையைக் காலை வளைக்கச் சொன்னதாய் ஒண்டுமில்லை. ஆங்கில வாசகனுக்கு யோகத்தைச் சொன்ன ஆரம்ப காலத்து நேரடிச் சாட்சியங்களில இது ஒண்டு, அது நடந்தது எங்கட மண்ணில. ஆனால் யோகா வரலாறு எண்டு வாற வீடியோ ஒண்டிலயும் இதைக் காணேல்லை.

ஜூன் 28, காலை 6.40

ஓம் அக்கா, யாழ்ப்பாணத்து ஞானி யோகர் சுவாமியை மறக்கேல்லை. கொழும்புத்துறை இலுப்பை மரத்தடி, நல்லூர்த் தேரடி, அவர்ட குரு செல்லப்பா சுவாமி. "ஒரு பொல்லாப்பும் இல்லை, எப்பவோ முடிந்த காரியம், நாம் அறியோம், முழுதும் உண்மை." கிளிநொச்சியில நீர்ப்பாசனக் களஞ்சியத்தில வேலை பார்த்த மனிசன். "சும்மா இரு" எண்டதுக்கு மேல அவரிட்டை ஆசன வகுப்பு ஒண்டும் இருந்ததாய்க் கேள்வியில்லை. 1949-ல அவரிட்டைத் தீட்சை பெற்றுப் போன அமெரிக்கர் சுப்பிரமுனிய சுவாமி, பிறகு ஹவாயில ஆதீனம் நிறுவி, அங்க கருங்கல்லில சிவன் கோயில் கட்டத் தொடங்கினார்.

ஜூலை 2, பின்னேரம் 4.15

சிங்கள நண்பர் ஒருத்தருக்கு இந்த இழையை வாசிச்சுக் காட்டினன். "எங்கட புத்தகோசரை விட்டுப்போட்டீங்களே" எண்டார். நியாயம். ஐந்தாம் நூற்றாண்டில அந்தப் பௌத்த பிக்கு அனுராதபுரம் மகாவிகாரையில இருந்து எழுதின விசுத்திமக்கம் எண்ட நூலில 40 தியானப் பொருள் இருக்கு. மூச்சை எண்ணுறதுக்கு அவர் போட்ட விதி எனக்கு நல்லாய் வேலை செய்யுது: ஐஞ்சுக்குக் குறைய நிப்பாட்டாதே, பத்துக்கு மேல போகாதே. குறைஞ்சால் மனம் நெருக்குப்படும், கூடினால் மனம் மூச்சை விட்டுப்போட்டு எண்ணிக்கையில தொங்கும். பதஞ்சலி நூலுக்கு நூறு வருசம் முன்பின்னாய்த்தான் இந்தத் தீவில இது எழுதப்பட்டிருக்கு. திருமூலரின்ர 64-ஐ விட இது என்ர தலைக்குத் தோது. அப்பப்பா கேட்டால் என்ன சொல்லுவாரோ தெரியாது.

ஜூலை 5, இரவு 9.00

கடைசியாய்க் கேட்ட பிள்ளைக்கு: ஓம், அமெரிக்காவில நடந்த உட்ஸ்டாக் இசைவிழாவைத் தொடக்கி வைச்ச தாடிச் சாமியார் இங்க இருந்தவர்தான். சச்சிதானந்தர், கோயம்புத்தூர்ப் பக்கம் செட்டிப்பாளையம். ரிஷிகேசத்துச் சிவானந்தர் 1953-ல இலங்கைக்கு அனுப்பினார். முதல் திருகோணமலை, பிறகு கண்டி. 1966-ல நியூயோர்க் போனார், 1969 ஓகஸ்ட்டில அந்த மேடை. அமெரிக்காவில ஹட யோகம் பரவினதில அவருக்குப் பெரிய பங்கு, அதுக்கு முந்தின பயிற்சிக் களம் எங்கட ஊர். சிவானந்தரும் பத்தமடைத் தமிழர், மலாயாவில டொக்டராய் இருந்தவர். கண்டியிலயோ திருகோணமலையிலயோ 50-களில அவரிட்டை வகுப்புக்குப் போன ஆக்கள் இன்னும் இருப்பினம், இப்ப எண்பது தாண்டியிருக்கும். உங்கட வீட்டில ஆரும் இருந்தால், அப்ப என்ன செய்வித்தவர், இருக்கச் சொன்னவரா வளையச் சொன்னவரா எண்டு கேட்டு இதில போடுங்கோ.